வெற்றுத் தகடும் நெசவு அட்டையும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பழைய நினைவா ஏதாவது பேசுங்க சார். ஆனா பசங்களுக்கும் பயன்படற மாதிரி இருக்கணும்" என்று செயலாளர் சொல்லியிருந்தார். அதனால் வரும்போது கையில் ஒரு பொருளைக் கொண்டுவந்தேன். இதோ, இந்தத் தகடு. வாசலில் நின்ற முதலாண்டு மாணவர் ஒருவரிடம் காட்டி, "தம்பி, இது என்னன்னு தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியும் சார், வயல்ல குருவி விரட்டக் கட்டுவாங்களே" என்றார். நான் சிரித்துவிட்டேன். சொன்னதில் தவறே இல்லை. இன்றைக்கு இதற்கு இருக்கிற பெரிய வேலை அதுதான்.

ஆனால் ஒரு காலத்தில் இதை நம்பி ஒரு குடும்பத்தின் சொத்தையே ஒப்படைத்தவன் நான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் அப்பா பிள்ளையார்பாளையத்தில் நெசவாளி. தறியில் உட்கார்ந்ததோடு டிசைனும் போடுவார். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி மயில், அன்னப்பட்சி, யாளி, இருதலைப்பட்சி எல்லாம் வரைவார். நம் ஊர் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். கிராஃபில் ஒரு வரி என்றால் தறியில் ஓர் அட்டை. நிரப்பிய கட்டத்துக்கு அட்டையில் ஒரு துளை. துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி மேலே எழும், பாவு இழை தூக்கும். துளை இல்லையென்றால் இழை தூங்கும். இப்படிக் குத்திய அட்டைகளை வரிசையாகக் கோத்து ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை நகரும். பூ தானாகப் பூக்கும்.

பிரான்சில் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் இந்தக் கருவியை உருவாக்கினார். அவருடைய உருவத்தையே சுமார் 24,000 அட்டைகள் கொண்டு பட்டில் நெய்தார்கள். அந்தப் படம் ஒன்றை வாங்கி வைத்திருந்தவர் சார்லஸ் பாபேஜ். கணிப்பொறியின் தாத்தா என்று நாம் பாடத்தில் படித்தோமே, அவரேதான். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் துளை அட்டையில் எண்ணினார். அதன் வழியில்தான் கணிப்பொறிக்கும் அட்டை வந்தது. ஆகவே தம்பிகளே, கணிப்பொறியின் "ஆம், இல்லை" மொழி நம் தறிக்குப் பழைய மொழி.

இந்தத் தகடும் அதே மொழிதான் பேசுகிறது. 1982-இல் பாட்டுக்காக வந்த குறுந்தகட்டில் பள்ளமும் மேடும் சுருளாக ஓடும். மேடு பள்ளமாக மாறும் இடம் ஒன்று. மாறாத இடம் சுழியம். 12 சென்டிமீட்டர் அகலமுள்ள இந்தத் தகட்டில் அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் போகும். கிட்டத்தட்ட ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் இருந்து சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் வரை! 240 கொக்கி அட்டை ஒன்றில் 240 "ஆம், இல்லை" இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 650 மெகாபைட் தகடு ஒன்றில் இரண்டே கால் கோடி அட்டைகள் அடங்கும். என் அப்பா வாழ்நாள் முழுக்கக் குத்தினாலும் அதில் ஓர் ஓரம்கூட நிரம்பாது.

இந்தக் கணக்கில்தான் நான் மயங்கினேன்.

2002-ஆம் ஆண்டு. சென்னையில் வேலை, கையில் புதுசாக ஒரு ஸ்கேனர். அப்பாவின் கிராஃப் தாள்கள் 142. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படமெடுத்தேன். ரிச்சி தெருவில் ஐம்பது தகடு கொண்ட டப்பா ஒன்றை மலிவாக வாங்கி, ஐந்து தகடுகளில் எழுதினேன். பால்பாயிண்ட் பேனாவால் மேலே பெயர் எழுதினேன். அழகாக இருக்கட்டும் என்று காகித லேபிளும் ஒட்டினேன். ஜன்னலோரத்து அலமாரியில் அடுக்கி வைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து வீட்டை இடித்துக் கட்டினோம். தாள்கள் மழையில் நனைந்து கரையான் வேறு பிடித்தது. "இதை என்னடா பண்றது?" என்று அம்மா கேட்டார். "சி.டி.யில இருக்கேம்மா, பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடு" என்றேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "கையில பிடிச்சுப் பார்க்க முடியாததை எப்படிடா நம்பறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். படித்த பிள்ளை என்ற திமிரில் நான் சிரித்தேன்.

2015-இல் அக்கா மகளுக்குக் கல்யாணம். அப்பா ஆசையாக, "அந்த இருதலைப்பட்சியை எடுடா, பேத்திக்கு நானே நெய்யறேன்" என்றார். தகடுகளை எடுத்தேன். ஒன்றில் லேபிளோடு சேர்ந்து வெள்ளிப் பூச்சு வெங்காயத் தோல் போல உரிந்து வந்தது. மூன்றைக் கணிப்பொறி ஏற்கவே இல்லை. ஐந்தாவதில் கோப்புப் பெயர்கள் தெரிந்தன, திறந்தால் திறக்கவில்லை. வேறொரு நண்பர் வீட்டுப் பழைய டிரைவில் இரவெல்லாம் முயன்றதில் 31 படங்கள் கிடைத்தன. இருதலைப்பட்சி அதில் இல்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகுதான் ஒரு தகடு ஏன் சாகிறது என்று தேடித் தேடிப் படித்தேன். கடையில் வாங்கும் பாட்டுத் தகடும் வெற்றுத் தகடும் பார்ப்பதற்கு ஒன்று, பிறப்பு வேறு. பாட்டுத் தகட்டில் பள்ளங்களைப் பிளாஸ்டிக்கிலேயே அச்சாக அழுத்துவார்கள். வெற்றுத் தகட்டில் ஒரு சாயப் பூச்சு இருக்கிறது. லேசர் அதைச் சுட்டுக் குறி வைக்கிறது. சாயம் என்றால் வெயிலில் வெளுக்கும் என்று பட்டு ஊர்ப் பிள்ளைக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா? ஆனாலும் ஜன்னலோரம் வைத்தேன்.

இன்னொன்று, நாம் பொத்திப் பொத்திப் பாதுகாப்பது அடிப்பக்கத்தை. குறுந்தகட்டுக்கு ஆபத்து மேல்பக்கத்தில்தான். அடியில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த பிளாஸ்டிக் காவலுக்கு இருக்கிறது. மேலே, வெள்ளிப் பூச்சுக்கும் நம் பேனாவுக்கும் நடுவில் மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்றுதான். பால்பாயிண்ட் முனை அதைக் கீறும். லேபிளின் பசை அதை இழுக்கும். அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2003-இல் வெளியிட்ட கையேட்டில் இவையெல்லாம் தெளிவாக இருந்தன. நான் படிக்கும்போது பன்னிரண்டு வருடம் பிந்திவிட்டது.

நம் நாட்டில் இந்தத் தொழில் வளர்ந்ததும் விழுந்ததும் ஒரு தலைமுறைக்குள் நடந்தது. 1983-இல் புது டில்லியில் தொடங்கிய மோசர் பேயர் நிறுவனம் 1988-இல் பிளாப்பி செய்தது. 1999-இல் வெற்றுக் குறுந்தகடு செய்யத் தொடங்கி, உலகின் பெரிய தயாரிப்பாளர்களில் ஒன்றாக உயர்ந்தது. 28 ரூபாய்க்கும் 34 ரூபாய்க்கும் அவர்கள் விற்ற தமிழ்ப் படத் தகடுகள் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். 2018-இல் அந்த நிறுவனத்தைக் கலைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் வெற்று புளூ-ரே தகடு தயாரிப்பதை நிறுத்திக்கொண்டது. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் தகடு போடும் வாயே இல்லை. என் தகடுகள் எந்தப் பெயரும் அச்சிடாதவை; அவற்றைச் செய்தவர் யாரென்று தெரியாது. நான் யாரையும் குறை சொல்லவும் இல்லை. குறை முழுக்க என்னுடையது.

எப்படி என்கிறீர்களா? ஐந்து தகடு இருந்ததால் ஐந்து பிரதி இருப்பதாக நினைத்தேன். உண்மையில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரே ஒரு பிரதிதான். ஐந்தும் ஒரே டப்பா, ஒரே அலமாரி, ஒரே வெயில். எழுதிய பிறகு ஒருமுறைகூடத் திறந்து சரிபார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மூலத்தைத் தூக்கிப் போட்டேன். மூலத்தைப் போட்ட பிறகு பிரதி என்று ஒன்று ஏது? அதுவே மூலமாகிவிடுகிறதே!

நம் முன்னோர் இந்தத் தவறைச் செய்யவில்லை. கரையான் அரிக்கும் ஓலையைத் தலைமுறைக்குத் தலைமுறை படியெடுத்தார்கள். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தது, பல ஊர்களில் பல பிரதிகள் இருந்ததால்தான். கல்லைக்கூட அவர்கள் நம்பிவிடவில்லை. திருவல்லம் கோயிலில் மண்டபத்தைப் பிரித்துக் கட்டியபோது, பழைய கல்வெட்டைப் படியெடுத்து மறுபடி வெட்டி வைத்தார்கள். இது படி என்று அதிலேயே எழுதியும் வைத்தார்கள். ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன ஆகும் என்பதை 1981 ஜூன் முதல் தேதி யாழ்ப்பாணம் கண்டது. சுமார் 97,000 நூல்கள் ஒரே இரவில் எரிந்த அந்த நூலகத்தில், வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் இருந்தன.

நம் ஊரில் அத்தி வரதர் 40 வருடத்துக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளுகிறார். 1979-இல் வந்தார், 2019-இல் வந்தார். அது அவரால் முடியும். தகட்டைப் பெட்டியில் பூட்டிவிட்டு 40 வருடம் கழித்து எடுக்கலாம் என்று நாம் நினைக்கக் கூடாது.

சரி, வீட்டில் தகடு வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? தள்ளிப் போடாமல் இந்த மாதமே எடுங்கள். வெளியே பொருத்தும் டிரைவ் இன்னும் கடைகளில் கிடைக்கிறது. தகட்டைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காதீர்கள்; நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். சுருளின் குறுக்கே விழும் சின்னக் கீறலைத் தகட்டின் பிழைதிருத்தக் கணக்கு சமாளித்துக்கொள்ளும்; சுருளோடு நீளமாக ஓடும் கீறலைச் சமாளிக்காது. ஒரு டிரைவ் படிக்கவில்லை என்றால் வேறொன்றில் போட்டுப் பாருங்கள். எடுத்ததை மூன்று இடத்தில் வையுங்கள். அதில் ஒன்று வேறு வகைச் சாதனமாகவும், ஒன்று வேறு வீட்டிலும் இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜை அன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன், திறந்து பாருங்கள்.

கோப்பு கிடைத்தாலும் எழுத்து தெரிய வேண்டும். அப்பா சொல்லச் சொல்ல நான் தமிழில் தட்டி வைத்த வண்ணக் கணக்கு, அந்தக் கால எழுத்துருவில் இருந்ததால் பூச்சி பூச்சியாகத் தெரிந்தது. மாற்றித் தரும் மென்பொருள் தேடித்தான் படித்தேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று குறியீடுகள் வந்தன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடுக்கு மாற உத்தரவிட்டது. பழைய எழுத்துருவில் இருக்கும் உங்கள் கோப்புகளையும் யூனிகோடுக்கு மாற்றி விடுங்கள்.

கல்யாணப் புடவை என்ன ஆயிற்று என்று முன்வரிசையில் அம்மா ஒருவர் கேட்கிறார். சொல்கிறேன். அப்பா 1968-இல் என் அத்தை கல்யாணத்துக்கு நெய்த சேலை அத்தை பெட்டியில் இருந்தது. அதன் முந்தியில் அதே இருதலைப்பட்சி. அப்பா லென்ஸ் வைத்து இழை இழையாக எண்ணினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கட்டம் நிரப்பினேன். பதினெட்டு நாள். வாழ்க்கையில் அப்பாவோடு நான் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அப்போதுதான். பேத்தி அந்தப் புடவையில்தான் மணமேடை ஏறினாள். 2018-இல் அப்பா காலமானார். 142-இல் 32 கிடைத்தது. 110 அவரோடு போயிற்று.

நம் சங்கத்து அலமாரியிலும் பழைய கூடல்களின் புகைப்படங்கள் தகடுகளில் தூங்குவதாகச் செயலாளர் சொன்னார். நான் இரண்டு டிரைவ் தருகிறேன். சனிக்கிழமை மதியங்களில் நானும் வருகிறேன். கணிப்பொறி படிக்கும் தம்பி தங்கைகள் நாலு பேர் வந்தால் போதும். இறந்துபோன நம் ஆசிரியர்களின் முகங்கள் அதில் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. கல்யாணம் முடிந்ததும் அத்தையிடம், "இனிமே அந்தச் சேலையைக் கட்டாதீங்க அத்தை, பத்திரமா வையுங்க" என்றேன். "போடா, கட்டறதுக்குத்தான்டா சேலை. அதான் இப்ப இன்னொண்ணு இருக்கே" என்றார். பிரதி எடுப்பதன் பயனை அவரைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.