கேள்விப்பத்திரத்தை வாசிக்கத் தெரிந்த தலைமுறை

(மொண்டெல்லோவில் நடைபெற்ற பெற்றோர் – இளையோர் ஒன்றுகூடலில், பலெர்மோவில் பணியாற்றும் தமிழ்ச் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



"தம்பி, நீர் என்ன வழக்குப் பேசுகிறீர்?" என்று நம்மவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. காணி வழக்கு, விவாகரத்து, வதிவிட அனுமதி என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். "அரசு வேலைகளையும் பொருள்களையும் ஒப்பந்தத்திற்கு விடுவது தொடர்பான வழக்குகள்" என்றதும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். அந்தப் பேச்சை இன்று திரும்பவிடாமல் வைத்திருப்பதே என் நோக்கம்.

எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, என் தாயார் பொதுக் கட்டடம் ஒன்றைத் துப்புரவு செய்யும் நிறுவனத்தில் பணியாற்றினார். ஒருநாள், ஒப்பந்தம் முடிவடைகிறது, புதிய நிறுவனம் வரப்போகிறது என்று கூறி, ஒரு தாளில் கையொப்பம் கேட்டார்கள். அவரும் இட்டார். மாலையில் நான் வாசித்தபோது, அது தாமாகவே வேலையிலிருந்து விலகுவதாக எழுதப்பட்ட கடிதம். ஒப்பந்தம் கைமாறும்போது, அங்கு ஏற்கனவே பணியாற்றுவோரைப் புதிய நிறுவனம் ஏற்கவேண்டும் என்ற ஏற்பாடு துப்புரவுத் துறையின் கூட்டு உடன்படிக்கையில் அன்றே இருந்தது. விலகியவருக்கு அந்த உரிமை இல்லை. ஒரு கையொப்பத்தில் ஒன்பது ஆண்டு உழைப்பு போயிற்று. நான் சட்டம் படித்ததற்கு அந்தத் தாளே காரணம்.

நம்மில் எத்தனை பேர் மருத்துவமனைகளிலும் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் துப்புரவும் சமையலும் பராமரிப்பும் செய்கின்றோம்! சம்பளம் தருவது ஒரு நிறுவனம். ஆனால் அந்த நிறுவனத்திற்கு வேலையைத் தந்தது ஓர் அரச ஒப்பந்தம். நமது வேலை நேரமும் ஊதியமும் நாம் காணாத ஒரு கேள்விப்பத்திரத்திலேயே முதலில் எழுதப்படுகின்றன. 2023ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் பொது ஒப்பந்தச் சட்டக்கோவை, இத்தகைய கேள்விப்பத்திரங்களில் தொழிலாளரின் வேலைத் தொடர்ச்சியைக் காக்கும் சமூக நிபந்தனை இடம்பெறவேண்டும் என்கிறது. புதிய நிறுவனம் அனைவரையும் அப்படியே ஏற்றாகவேண்டும் என்பதன்று அதன் பொருள். ஆனால் கேட்பதற்கு நமக்கு ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலை அறியாதவன் வெளியே நிற்கவேண்டியதுதான்.

எனது அன்றாடப் பணியையும் சொல்லிவிடுகிறேன். திரைப்படங்களில் வருவதுபோல மேசையில் அடித்துப் பேசும் வேலையன்று இது. நூற்றுக்கணக்கான பக்கங்களை வாசிப்பதும் நாட்களை எண்ணுவதுமே இதன் பெரும்பகுதி. முடிவு அறிவிக்கப்பட்டால் அதனை எதிர்க்க முப்பது நாட்களே உண்டு. முப்பத்தோராம் நாள் வரும் நியாயத்திற்குக் காது கிடையாது. வழக்கு முதலில் பிராந்திய நிர்வாக நீதிமன்றத்திற்குச் செல்லும். மேன்முறையீட்டிற்கு உரோமாபுரிக்குப் போகவேண்டியதில்லை. சிசிலிக்கென 1948இல் அமைக்கப்பட்ட நிர்வாக நீதி மன்று இதே பலெர்மோவில் இருக்கிறது. ஒரு சிறு கூட்டுறவுச் சங்கம் ஒரு சான்றிதழை இணைக்க மறந்திருந்தால், அதனைத் திருத்த ஐந்து முதல் பத்து நாட்கள் தரவேண்டும் என்கிறது சட்டம். இந்த ஒரு விதியை அறியாமல், வெல்லக்கூடிய வேலையை இழந்தவர்கள் பலர்.

இனி, நாம் கூடியிருக்கும் இந்த இடத்தைப் பாருங்கள். மொண்டெல்லோ ஒரு காலத்தில் மலேரியா பரவிய சதுப்பு நிலம். அதனை வடிக்கும் பணி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. 1910இல் பெல்ஜிய முதலீட்டு நிறுவனம் ஒன்றுடன் செய்யப்பட்ட உடன்படிக்கையிலிருந்து மாளிகைகளும், 1913இல் திறக்கப்பட்ட, கடல்மேல் நிற்கும் அந்தக் குளியல் மாளிகையும் எழுந்தன. அதன்பின் தலைமுறை தலைமுறையாக இக்கடற்கரையின் பெரும்பகுதி ஒரே நிறுவனத்தின் உரிமத்தில் இருந்துவந்தது.

கடற்கரையோ அரசின் பொதுச் சொத்து. அப்படியாயின் அதனைப் பயன்படுத்தும் உரிமம் போட்டியின்றி எவ்வளவு காலம் ஒருவரிடமே இருக்கலாம்? போட்டியில்லாமல் தானாகவே நீட்டிப்பது ஒன்றியச் சட்டத்திற்கு முரணானது என 2016 யூலை 14 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 நவம்பரில் இத்தாலியின் அரசுப் பேரவையும் அவ்வாறே கூறியது. ஆயினும் 2024 செப்டெம்பரில் வந்த அரசாணை பழைய உரிமங்களை 2027 செப்டெம்பர் வரை நீட்டித்தது. 2025 கோடையில் இக்கடற்கரையின் நுழைவாயில்கள் பற்றி இந்நகரில் எழுந்த சர்ச்சை உங்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைகள் மணலில் எங்கே துவாயை விரிக்கலாம் என்பதுகூட ஓர் ஒப்பந்தத்தின் வாசகத்தில் தங்கியிருக்கிறது.

இது நமக்குப் புதிய சிந்தனையன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என அவை கூறுகின்றன. இன்று நான் நீதிமன்றத்தில் பேசும் தகுதி நீக்க விதிகளைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கல்லே என் நினைவிற்கு வரும். பொதுப் பொருளைத் தொடுபவன் கணக்குக் காட்டவேண்டும் என்பதே இரண்டிற்கும் அடிப்படை.

இளையோரே, இத்துறைக்கு வர விரும்புவோர் ஐந்தாண்டுச் சட்டப் பட்டம், பதினெட்டு மாதப் பயிற்சி, அரச தேர்வு ஆகியவற்றைக் கடக்கவேண்டும். இங்கு பிறந்து, பதினெட்டு வயதுவரை இடையறாது சட்டப்படி வாழ்ந்தவர்கள் குடியுரிமையைக் கோருவதற்கு அடுத்த பிறந்தநாள்வரை ஓராண்டே உண்டு. அந்த நாளையும் தவறவிடாதீர்கள்.

சட்டத்தரணி ஆகாதவர்களுக்கும் ஒரு வழியிருக்கிறது. ஓர் அரச அலுவலகத்தின் ஆவணத்தைக் காரணம் கூறாமலே எவரும் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் பதில் வரவேண்டும் என 2016ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. உங்கள் தாயாரோ தந்தையாரோ பணியாற்றும் இடத்தின் ஒப்பந்தத்தை ஒருமுறை கேட்டு வாசித்துப் பாருங்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வேலையிடத்தில் ஒரு தாளை நீட்டினால், "வீட்டிற்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். என் தாயார் அன்று அவ்வாறு செய்திருந்தால் அந்த வேலை அவரிடமே இருந்திருக்கும். இன்று எந்தத் தாள் வந்தாலும் அவர் கண்ணாடியை அணிந்துகொண்டு முதலில் என்னையே அழைக்கிறார்.