கருவை ஊட்டும் நுண்ணுயிரி



தேக்கா சந்தையில் பயத்தங்காய் வாங்குவோர் சில வேளைகளில் காயின் மீது கரும்புள்ளிகளாய் ஒட்டியிருக்கும் சிற்றுயிர்களைக் கண்டிருப்பர். வீவக வீட்டுத் தாழ்வாரத்தில் மிளகாய்ச் செடி வளர்ப்போர் இளந்தளிரின் அடியில் அவற்றின் இனத்தைக் காண்பர். தமிழக உழவர் இவ்வுயிரை அசுவினி என்பர்; செடிப்பேன் என்றும் வழங்குவதுண்டு. அதனைத் துணையாகக் கொண்டு இன்று ஒரு சொல்லை ஆராய்வோம். 'கிருமி' என்பதே அச்சொல்.

அசுவினி ஊசி போன்ற வாயுறுப்பால் செடியின் புளோயச் சாற்றை உறிஞ்சி வாழ்கிறது. அச்சாற்றில் சர்க்கரை மிகுதி. விலங்குடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத அமினோ அமிலங்களோ மிகக் குறைவு. மிகுந்த சர்க்கரையை அது இனிப்பு நீராய்க் கழிக்கிறது. எறும்புகள் அதனை நாடி வருவது அதற்காகவே. குறைந்ததை ஈடுசெய்வது யார்? அசுவினியின் உடலில் உள்ள தனிவகை உயிரணுக்களுள் புக்னேரா என்னும் பாக்டீரியா வாழ்கிறது. இணைவாழ்வை ஆராய்ந்த செருமானிய விலங்கியலறிஞர் பவுல் புக்னரின் நினைவாக 1991இல் இப்பெயர் சூட்டப்பெற்றது. அசுவினிக்கு இன்றியமையாத அமினோ அமிலங்களை ஆக்கித் தருவது இந்த பாக்டீரியாவே.

இதனினும் வியப்புக்குரியது கருவின் நிலை. வெப்ப நாடுகளில் அசுவினி பெரும்பாலும் ஆண் துணையின்றியே குட்டி ஈனுகிறது. தாயின் வயிற்றில் மகள் வளரும்போதே அம்மகளின் வயிற்றில் பேத்தியின் கருவும் வளரத் தொடங்கிவிடும். இவ்வாறு மூன்று தலைமுறைகள் ஓருடலுள் அடங்குகின்றன. கரு மிக இளம் பருவத்தில் இருக்கும்போதே தாயின் உயிரணுவிலிருந்து பாக்டீரியா அதனுள் குடியேறுகிறது. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தால் புக்னேராவை அழித்தால், அசுவினியின் வளர்ச்சி குன்றும். கருக்கள் செவ்வனே உருவாகா. ஈனும் திறனும் ஏறத்தாழ அற்றுப்போகும்.

பாக்டீரியாவும் தனித்து வாழ இயலாது. 2000ஆம் ஆண்டில் சப்பானிய ஆய்வாளர் அதன் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்து வெளியிட்டனர். அதில் இருந்தவை ஏறத்தாழ 640,000 இணைகளே. அதன் உறவினமாகிய எஷரிக்கியா கோலியிலோ 4.6 மில்லியன் இணைகள் உள்ளன. தனித்து வாழ்வதற்கு வேண்டிய மரபணுக்கள் பலவற்றை அது இழந்துவிட்டது.

இப்போது சொல்லுக்கு வருவோம். கிருமி என்னும் வடசொல்லுக்குப் புழு என்பதே பழம்பொருள். பின்னர் அது நோய் தரும் நுண்ணுயிரைக் குறிக்கலாயிற்று. இன்று நம் மாணவர் அறிவியலை ஆங்கிலத்தில் கற்கின்றனர். தமிழில் அவர்கள் பெரிதும் கேட்பது 'கிருமி' என்னும் சொல்லையே. 'கருவினுள் கிருமி புகுந்தது' என்று எழுதினால், கரு நோயுற்றது என்றே படிப்பவர் கொள்வர். உண்மையோ நேர்மாறானது. கற்பித்த காலத்தில் நாமும் பாக்டீரியா அனைத்தையும் கிருமி என்றே எழுதினோம்; அது பிழையென உணரப் பல்லாண்டுகள் ஆயின.

ஆகவே நோய் தருவதை நோய்க்கிருமி என்போம். பொதுப்பெயராக நுண்ணுயிரி என்போம். இரண்டையும் வேறுபடுத்தாத தமிழில் அசுவினியின் கதையைச் சொல்ல இயலாது. சொல்ல இயலாததை மாணவர் வேறு மொழியில் சிந்திப்பர். நாளடைவில் தமிழில் சிந்திப்பதையே விட்டுவிடுவர். அடுத்த முறை மிளகாய்ச் செடியில் எறும்பு ஏறக் கண்டால், தளிரைத் திருப்பிப் பாருங்கள். கண்டதைத் தமிழில் எழுதுங்கள்.