விதிக்கு முன்னால் விரித்து எழுதுவோம்

(கணித ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



எக்ஸ் அடுக்கு 2-ஐ எக்ஸ் அடுக்கு 3-ஆல் பெருக்கச் சொன்னால், சில பிள்ளைகள் ‘எக்ஸ் அடுக்கு 6’ என்று எழுதுவார்கள். ‘அடுக்குகளைக் கூட்டு, பெருக்காதே’ என்று திருத்துகிறோம். அடுத்த வாரம், எக்ஸ் அடுக்கு 2 முழுவதையும் அடைப்புக்குள் வைத்து அதற்கு அடுக்கு 3 கொடுக்கிறோம். சொன்னபடியே கூட்டி, அடுக்கு 5 என்கிறார்கள். அதுவும் தவறு என்கிறோம். பெருக்கினாலும் தவறு, கூட்டினாலும் தவறு என்றால், கணக்கு தனக்குப் புரியாத ஒன்று என்றே பிள்ளை முடிவுகட்டிவிடும்.

இதற்கு மருந்து விரித்து எழுதுவதுதான். அடிமானத்தை எத்தனை தடவை எழுதிப் பெருக்கியிருக்கிறோம் என்ற எண்ணிக்கையே அடுக்கு. இரண்டு எக்ஸ், தொடர்ந்து மூன்று எக்ஸ், எண்ணினால் ஐந்து. இரண்டிரண்டாக மூன்று கட்டு என்றால் ஆறு. 2எக்ஸ் முழுவதற்கும் அடுக்கு 3 என்றால், 2-உம் மூன்று தடவை வரும். ஆகவே கெழு 8. வகுத்தலில் மேலும் கீழும் பொதுவானவற்றை அடித்துவிட்டு மீதியை எண்ணலாம். இப்படிப் பத்துக் கணக்கு செய்த பிள்ளை, ‘சார், இதுக்கு அடுக்கைக் கூட்டினாலே போதுமே!’ என்று தானே சொல்லும். அப்போது விதியைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

சுருக்கிய விடையை எண் பிரதியிட்டுச் சரிபார்க்கவும் பழக்குங்கள். 1 வேண்டாம், 1-இன் எந்த அடுக்கும் 1 ஆதலால் அடுக்கில் உள்ள பிழை தெரியாது. 2-உம் சில சமயம் ஏமாற்றும். எக்ஸ் அடுக்கு 2-உடன் அதையே கூட்டி, எக்ஸ் அடுக்கு 3 என்று தவறாக எழுதியவருக்கும் 4 + 4 = 8, 2³ = 8 என்று பொருந்திவிடும். 3-ஐப் பிரதியிட்டால் 9 + 9 = 18, ஆனால் 3³ = 27. பிழை வெளிப்பட்டுவிடும்; பிள்ளையே திருத்திக்கொள்ளும்.

பூச்சிய அடுக்குக்கும் குறை அடுக்குக்கும் ஒரு வரிசை போதும்: 3³ = 27, 3² = 9, 3¹ = 3. ஒவ்வொரு படியிலும் 3-ஆல் வகுத்து இறங்குகிறோம். அடுத்தது 3⁰ = 1, அதற்கடுத்தது 3⁻¹ = 1/3. முன்னது பூச்சியம் இல்லை, பின்னது குறை எண் இல்லை என்பதைப் பிள்ளைகளே காண்பார்கள்.

தேர்வறையில் விதி மறந்துபோகலாம். விரித்து எழுதத் தெரிந்த பிள்ளை, விடைத்தாளின் ஓரத்திலேயே அதை மீட்டெடுத்துவிடும்.