கரையில் நின்ற குழந்தை



சீகாழிப் பதியில் ஆண்டுதோறும் சித்திரைத் திங்களில் திருமுலைப்பால் விழா நிகழ்வதைத் தாங்கள் அறிவீர்கள். அதற்கு மூலமாகிய வரலாற்றைத் தெய்வச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்தருளினார். ஞானப்பால் உண்டதையே நாம் பெரிதும் பேசுகிறோம். அதற்கு முன் நிகழ்ந்ததை இன்று சிந்திப்போம்.

மூன்று வயதுக் குழந்தையைத் தீர்த்தக் கரையில் இருத்திவிட்டு, சிவபாத இருதயர் நீரில் மூழ்கி மந்திரம் செபித்தார். தந்தையைக் காணாத பிள்ளை அழுதது. அவர் செய்தது வேதம் விதித்த நியமமே. ஆயினும், மூழ்கியவர்க்குக் கரையின் அழுகுரல் கேளாது.

இக்காலத்தில் மூழ்குவதற்குக் குளம் வேண்டா, கைபேசி போதும். அடியேனும் இக்குற்றத்தினின்று நீங்கியவன் அல்லேன். ஒருநாள் அக்கருவியில் திருமுறை ஓதிக்கொண்டிருந்தேன். பெயரன் தான் வரைந்த படத்துடன் வந்து நின்றான். "இப்பதிகம் முடியட்டும், அப்பா" என்றேன். நிமிர்ந்தபோது படம் மட்டும் கிடந்தது.

அமெரிக்க உளநூல் அறிஞர் எட்வர்டு டிரானிக் குழுவினர் 1978ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தாய் தன் குழந்தையின் எதிரே அமர்ந்தும் முகத்தில் எவ்வுணர்ச்சியும் காட்டாதிருந்தாள். குழந்தை அவளை ஈர்க்கப் பலவாறு முயன்று, பயன் காணாமல் முகம் திருப்பிக்கொண்டது. உடல் அருகிருந்தும் உள்ளம் அகன்றால், பிள்ளைக்கு அது பிரிவே ஆகும்.

கரையேறிய சிவபாத இருதயர், பிள்ளையின் வாயில் பால் வழியக் கண்டு, "யார் தந்த பால்?" என்று கோலோச்சி வினவினார். நாமோ, அழும் பிள்ளைக்குக் கைபேசியையே கொடுத்து அமர்த்துகிறோம். அதன்வழி யார் எதை ஊட்டினர் என்று வினவுவதில்லை. இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் திரை ஆகாது என்றும், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

தொழிலைத் துறக்குமாறு அடியேன் கூறவில்லை. சிவபாத இருதயரும் நியமத்தை விட்டாரல்லர். அது முடிந்ததும் கரையேறினார். நாமும் வேளை வகுத்துக்கொள்வோம். பிள்ளை உண்ணும்போதும், உறங்கச் செல்லும்போதும், பள்ளியினின்று திரும்பும்போதும் கருவியை அப்பால் வைத்து அதன் முகம் நோக்குவோம்.

அன்று அம்பிகை தானே வந்து பாலூட்டினாள். நம் இல்லங்களில் அவ்வருள் பெற்றோர் கைவழியாகவே வரல் வேண்டும். கரையில் குழந்தை நிற்கிறது, கரையேறுவோமாக.

திருச்சிற்றம்பலம்.