சிறு சொற்களின் பெரும் பொறுப்பு

ஆங்கிலம் பயில்வோரை நீண்ட சொற்கள் அவ்வளவாக வருத்துவதில்லை. அவற்றுக்கு அகராதி துணை நிற்கும். இடர் விளைப்பவை இன், ஆன், அட், டு போன்ற சின்னஞ்சிறு சொற்களே.

இதன் காரணம் இரு மொழிகளின் இயல்பிலேயே உள்ளது. தமிழில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே ஒட்டி நிற்கும். ஆங்கிலத்திலோ அப்பணியைப் புரியும் சொல் பெயருக்கு முன்னே தனித்து நிற்கும். மேலும், 'பெட்டியில்', 'மேசையில்', 'வாயிலில்' என மூன்றிடத்தும் நாம் 'இல்' உருபையே வழங்குகிறோம். ஆங்கிலத்தில் பெட்டியின் உள்ளே இருப்பதற்கு இன். மேசையின் பரப்பைத் தொட்டிருப்பதற்கு ஆன். வாயிலை ஒரு புள்ளியாகக் கருதும்போது அட். காலத்திலும் இவ்வாறே மாதத்திற்கு இன், கிழமைக்கு ஆன், மணிக்கு அட் என்பர்.

'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்போர் டிஸ்கஸ் என்பதோடு அபௌட் சேர்த்துவிடுவர். அங்கே அது வேண்டியதில்லை. 'மூன்று ஆண்டுகளாக' என்னுமிடத்தில் சின்ஸ் எழுதுவதும் பிழையே. கால அளவுக்கு ஃபார்; தொடங்கிய காலத்திற்கே சின்ஸ்.

சில இடங்களில் சிறு சொல் மாறினால் கருத்தே மாறிவிடும். பந்தை ஒருவன் பிடிக்குமாறு எறிந்தால் த்ரோ டு. அவனைத் தாக்குமாறு எறிந்தால் த்ரோ அட். நட்பும் பகையும் ஓர் அசையில் அடங்கிவிடுகின்றன!

வினையோடு சிறு சொல் கூடும் தொடர்களில் இன்னும் விழிப்பு வேண்டும். தேர்வு புட் ஆஃப் செய்யப்பட்டது என்றால் ஒத்திவைக்கப்பட்டது. கால் ஆஃப் என்றால் அறவே கைவிடப்பட்டது. இவ்விரண்டையும் மயங்கிக்கொண்ட மாணவன் புத்தகத்தை மூடிவிடுவான். தேர்வோ பின்னொரு நாள் வந்தே தீரும். புட் அவுட் என்பதோ விளக்கை அணைத்தல்.

இது விந்தையன்று. நம் 'விட்டுக்கொடு' என்பதில் விடுதலும் கொடுத்தலும் தனித்தனியே தோன்றுகின்றனவா? 'பார்த்துக்கொள்' என்பது வெறும் பார்வையா? குழந்தையைப் பார்த்துக்கொள்வதே ஆங்கிலத்தில் லுக் ஆஃப்டர். இத்தொடர்களைப் பிரித்துப் பொருள் காணாமல், முழுமையாகவே நாம் தாய்மடியில் கற்றோம்.

ஆங்கிலத்தையும் அவ்வழியே கற்பீராக. சொற்பட்டியலை நெட்டுருச் செய்யாது, நாள்தோறும் இரண்டு வாக்கியங்களைக் குறிப்பேட்டில் எழுதி, வாய்விட்டுப் படியுங்கள். அவற்றில் பெயரை மட்டும் மாற்றிப் புதிய வாக்கியங்கள் அமையுங்கள். செவி பழகினால் பிழை தானே உறுத்தும். பிழைக்கு அஞ்சி வாய் மூடியிருப்போர்க்கு எம்மொழியும் வாராது.