பறப்பதற்கு முன் ஒரு கணக்கு
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உத்திரமேரூர்ல ஏதோ ஹெலிகாப்டர் செஞ்சீங்களாமே, அதைப் பத்திப் பேசுங்க" என்றார் சங்கச் செயலாளர். இரண்டு திருத்தங்கள். நாங்கள் செய்தது கைரோகாப்டர். அது இன்னும் பறக்கவில்லை. ஏன் பறக்கவில்லை என்பதுதான் இன்று என் பேச்சு.

தணக்கு மரத்தின் காயைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு இறக்கையோடு சுழன்று சுழன்று மெதுவாகத் தரையிறங்கும். கைரோகாப்டரின் தத்துவமும் அதுவே. பறக்கும்போது மேலே இருக்கிற ரோட்டருக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு கிடையாது. இன்ஜின் புரொப்பல்லரைச் சுற்றி வண்டியை முன்னே தள்ளும். ரோட்டர் சற்றே பின்னால் சாய்ந்திருப்பதால் காற்று கீழிருந்து மேலாகப் பாய்ந்து அதைச் சுழற்றும்; சுழலும் ரோட்டர் வண்டியைத் தூக்கும். நடுவானில் இன்ஜின் நின்றாலும் ரோட்டர் சுழன்றுகொண்டே இருக்கும், இறங்கிவிடலாம்.

1919-இல் தாம் வடிவமைத்த விமானம் வேகம் குறைந்து விழுந்து நொறுங்கியதைப் பார்த்த ஸ்பெயின் நாட்டு யுவான் டி லா சியர்வா, அதற்கு மாற்றாக 1923-இல் இதைப் பறக்க வைத்தார். 1955-இல் அமெரிக்காவில் இகோர் பென்சன் ஒரு ஆள் உட்காரும் சிறிய வண்டியைச் செய்து, அதன் வரைபடங்களைத் தபாலில் விற்றார். வீட்டுக் கொட்டகைகளில் கைரோகாப்டர் பிறந்தது அப்படித்தான்.

நமக்கு இது புதுசா? இல்லை. 1910-லேயே சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி'ஆஞ்சலிஸ், தாமே வடிவமைத்த விமானத்தை சிம்சன் கம்பெனியில் கட்ட வைத்து, பல்லாவரத்தில் பறக்கவிட்டார். பல்லாவரம் அன்று நம் செங்கல்பட்டு ஜில்லா!

அந்தத் தைரியத்தில்தான் நாங்கள் மூன்று பேர் ஒரு பம்புசெட் கொட்டகையில் அலுமினியச் சதுரக் குழாய்களை அறுக்க ஆரம்பித்தோம். சனி, ஞாயிறு மட்டும் வேலை. நான்கு வருஷம் ஓடியது. கோடையில் வற்றிய ஏரிக்குள் ஓட்டிப் பார்ப்பது, கிளம்பினால் கிளம்பட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையும் குறித்துவிட்டோம். அனுமதி? "அப்புறம் பாத்துக்கலாம்" என்றோம். தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

முந்தின நாள், விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் பார்க்க வந்தார். ரோட்டர் தலையில் இருக்கும் முக்கியமான போல்ட்டைத் தடவிப் பார்த்தார்.

"இது எங்க வாங்கினது தம்பி?"

நான்தான் வாங்கினேன். ஆர்டர் செய்த விமானத்தர போல்ட் வரத் தாமதமானதால், அதே அளவில் ஹார்டுவேர் கடையில் வாங்கி மாட்டிவிட்டேன். கூட்டாளிகளுக்கே தெரியாது.

"நோட்டுல எழுதினீங்களா?"

எழுதவில்லை.

அவர் வேறொன்றும் பேசவில்லை. ஸ்பானரை வாங்கி, போல்ட்டைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டார். மொத்த எடையும் அந்த ஒரு போல்ட்டில்தான் தொங்கும். உயிரும்தான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றையும் அவர்தான் உறைக்க வைத்தார். எங்களில் ஒருவருக்கும் பறக்கும் பயிற்சி கிடையாது. சாதாரண விமானம் ஓட்டியவர்களையே இந்த வண்டி ஏமாற்றும். பழக்கத்தில் ஸ்டிக்கைச் சட்டென்று முன்னே தள்ளினால் ரோட்டர் மேல் உள்ள சுமை போய்விடும். சுழற்சி குறைந்து, பிளேடு வாலிலோ புரொப்பல்லரிலோ அடிக்கும். அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பிரிட்டனில் 1993-இல் இதற்கென்றே தனி விதித்தொகுப்பு கொண்டுவந்தார்கள். மும்பையில் விமானி அமோல் யாதவ் மொட்டை மாடியில் கட்டிய விமானத்துக்கு, பல ஆண்டுகள் அலைந்த பிறகு 2017-இல்தான் பதிவு கிடைத்தது. அலைச்சல் கொடுமைதான், ஆனால் இன்னொருவர் கண் படாமல் பறப்பது அதைவிடக் கொடுமை.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு எல்லோருக்கும் தெரியும். முதலாம் பராந்தக சோழன் காலத்தது, கி.பி. 919, 921. குடவோலை முறையைப் பெருமையாகச் சொல்வோம். அதிலேயே இன்னொரு விதி: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் குடவோலைக்குத் தகுதியில்லை. சின்ன வயதிலிருந்து அந்தக் கோயிலைச் சுற்றி வந்தவன் நான். அந்த விதி எனக்குப் புரிய ஒரு போல்ட் தேவைப்பட்டது.

ரோட்டரைக் கழற்றித் தனியே வைத்துவிட்டோம். இன்று அந்த வண்டியை நம் கல்லூரிப் பட்டறைக்குக் கொடுக்கிறோம். பறப்பதற்காக அல்ல, பிரித்துப் பார்த்து, தவறு கண்டுபிடித்துப் படிப்பதற்காக. கூடவே ஒரு கனமான நோட்டுப் புத்தகமும் தருகிறோம். முதல் பக்கத்தில் என் தப்பை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த போல்ட்டை மட்டும் தரமாட்டேன், அது என் மேஜைமேல் இருக்கட்டும்.

தம்பி தங்கைகளே, கட்டுங்கள். எழுதி வையுங்கள். அடுத்தவரிடம் காட்டுங்கள். முறைப்படி கற்று, அனுமதி வாங்கிப் பறங்கள். அன்றைக்குக் கீழே நின்று கைதட்ட நாங்கள் வருகிறோம்.