செவ்வாய்க்கிழமை மூணு மணி

எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லை. எழுதி வெச்சுத்தான் படிக்கிறேன்.

2020 மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கு போட்டாங்க. என் வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியில் வேலைக்குப் போய் மத்தியப் பிரதேசத்தில் மாட்டிக்கிட்டார். வீட்டில் நான், மாமியார், பையன். மூணு பேர் இருக்கும்போது என்ன தனிமைன்னு கேட்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

செவ்வாய்க்கிழமை மூணு மணிக் கூட்டம் நின்னு போச்சு. சேமிப்பு 50 ரூபாய் கட்டத்தான் அங்க போறோம்னு இருந்தேன். நின்ன பிறகுதான் தெரிஞ்சது, வாரத்தில் நான் வாய்விட்டுச் சிரிக்கிறதே அந்த ஒரு மணி நேரம்தான்.

தூக்கம் போச்சு. குழம்புக்கு உப்புப் போட மறந்தேன். காரணமே இல்லாம பையனை அடிச்சேன். தவணை கேட்டு ஒரு கம்பெனிக்காரர் போன் பண்ணிக்கிட்டே இருந்தார். ஒரு நாள் ராத்திரி கிணத்தடியில் போய் உட்கார்ந்திருந்தேன். எதுக்குப் போனேன்னு இப்பவும் சொல்ல வரல. மாமியார் டார்ச் எடுத்துட்டு வந்து, "வா சாமி, காபி வெக்கிறேன்"னு கூட்டிட்டுப் போனாங்க. வேற ஒரு வார்த்தை கேக்கல.

மறுநாள், தைச்ச மாஸ்க் வாங்க ஊக்குநர் அக்கா வந்தாங்க. வாசல்லயே நின்னு, "நல்லா இருக்கியா?"ன்னாங்க. "இல்லக்கா"ன்னேன்.

கிராம செவிலியர் மூலமா அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். கேட்டவங்களுக்கெல்லாம் அல்சர் மாத்திரைன்னு சொன்னேன். இன்னைக்குத்தான் உண்மையைச் சொல்றேன்.

அப்புறம் எங்க குழுவில் ஒரு ஏற்பாடு செஞ்சோம். செவ்வாய் மூணு மணிக்கு, பதிவேட்டில் ஒருத்தர் பேருக்கு அடுத்து யார் பேரோ, அவங்களுக்கு இவங்க போன் பண்ணணும். போன் இல்லாதவங்க வீட்டு வாசல்ல ஆறடி தள்ளி நின்னு பேசணும். அப்படிப் போனதில்தான், தனியா இருக்கிற ஒரு பாட்டி ரெண்டு நாளா அடுப்பே மூட்டலைன்னு தெரிஞ்சது. அரிசி இருந்துச்சு. "எனக்கு ஒருத்திக்கு எதுக்குடி உலை வெக்கிறது"ன்னாங்க.

இப்ப 14416-னு இலவச நம்பர் இருக்கு. ராத்திரியும் பேசலாம், தமிழ்லயே பேசலாம். அன்னைக்கு எனக்கு அது இல்லை.

கூட்டத்துக்கு வராதவங்களுக்கு எங்க குழுவில் அபராதம் 10 ரூபாய். அதைப் போடறதுக்கு முன்னாடி, ஒருத்தர் நேர்ல போய் ஏன் வரலைன்னு பார்த்துட்டு வரணும்னு தீர்மானம் எழுதியிருக்கோம். உங்க குழுவிலயும் எழுத முடியுமான்னு பாருங்க.